மறைப்புக்குப் பின்னால் கெட்டிமேளம்

எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு மாசி முகூர்த்தத்தில், கெங்குவார்பட்டியில் நடந்தது இது. அப்போது நான் கூடலூரில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகியிருந்தது. அவர் மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்பிளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், பெட்டி நிறைய ரிக்கார்டு, ஒரு ரிக்கார்டு பிளேயர். அவர் விட்டுப் போனது அவ்வளவுதான். ஆளைத் திருப்பிக் கேட்டு வாங்க முடியாது. சாமான்களையாவது யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாதஸ்வரக்காரர்களைக் கூப்பிட வசதி இல்லாத வீடுகளில் மைக் செட்காரர்தான் மேளக்காரர். நாதஸ்வர ரிக்கார்டைப் போடுவோம். தாலி ஏறும் நேரத்தில், அந்த ரிக்கார்டில் கெட்டிமேளம் வருகிற இடம் சரியாகக் கேட்க வேண்டும். யாராவது தும்மினாலோ வாய் தவறி ஏதாவது சொன்னாலோ அது பொண்ணு மாப்பிள்ளை காதில் விழாமல் அமுக்கத்தானே கெட்டிமேளம். முந்தியும் வரக் கூடாது, பிந்தியும் வரக் கூடாது.

ரிக்கார்டில் ஓடுகிற முள்ளைக் கடைசி நேரத்தில் தூக்கிச் சரியான இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் வைத்துப் பார்க்கட்டும். வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி செய்வார். முள்ளை முன்கூட்டியே மேளம் தொடங்கும் இடத்தில் இறக்கி, ரிக்கார்டின் ஓரத்தை ஒரு விரலால் பிடித்துக்கொள்வார். ரிக்கார்டுக்கு அடியில் எண்ணெய்க் காகிதம் ஒன்றை வட்டமாக வெட்டிப் போட்டிருப்பார். அதனால் ரிக்கார்டு நிற்கும், கீழே சுழல் தட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கல்யாணத்தை நடத்துகிற பெரியவர் கையைத் தூக்கியதும் விரலை எடுப்பார். மேளம் பொத்தென்று விழும். வீட்டில் சும்மா இருக்கும்போதெல்லாம் அதைப் பழகுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழகினேன். "ஒன் விரலு என் விரலவிட லேசுடி" என்று சொல்வார். அவர் என்னைப் பாராட்டியது அபூர்வம். சமையலைக்கூடப் பாராட்டியதில்லை. இதைச் சொன்னார்.

அவர் போன பிறகு கொழுந்தன் தொழிலை எடுத்தான். மரமேறிக் குழாய் கட்டுவதில் அவனுக்கு நிகர் இல்லை. விரல்தான் வேலைக்கு ஆகவில்லை. கம்பத்தில் ஒரு கல்யாணம். தாலி ஏறும்போது அவசரத்தில் முள்ளைப் போட்டான். மேளத்துக்குப் பதில் நாதஸ்வரம் அழுகிற மாதிரி ஒரு ராகத்தை இழுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் தும்மியிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் அடிக்காமல் விட்டது பெரிது. அதற்கப்புறம் எங்களை எவரும் கூப்பிடவில்லை.

"மதினி, வித்துருவம். நீங்களும் எல்லாரு மாதிரி ஜீப்புல ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு வாங்க" என்றான் கொழுந்தன்.

ஏலக்காய்த் தோட்ட வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. அதற்குப் போனவர்களால்தான் எங்கள் தெருவில் பாதி அடுப்பு எரிந்தது. ஆனால் நான் சொன்னேன், "நீ குழாயக் கட்டு. பிளேயர்ல நான் உக்காரேன்."

அவன் என் நெற்றியைப் பார்த்தான். தாலி அறுத்தவள் கெட்டிமேளம் போடுவதா? அதைத்தான் அவன் நினைத்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஊர் முழுக்க அதைத்தான் நினைக்கும். "எவனுக்கும் தெரியாம மறைஞ்சு உக்காரேன்டா. தூரத்து ஊராப் பாரு" என்றேன்.

பழைய பிளேயர் அதற்குள் செத்துவிட்டது. உள்ளே தட்டைச் சுற்றுகிற ரப்பர் சக்கரம் கல்லாகி, ரிக்கார்டில் விரல் வைத்தால் தட்டும் சேர்ந்து நின்றுவிடும். வேறு வாங்க தேனிக்குப் போனோம். பஜாரில் ஒரு ரேடியோ கடை. கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் நீளம். முதலில் ஒரு சூட்கேஸ் மாதிரி பிளேயரை எடுத்து வைத்தார். மூடியிலேயே ஸ்பீக்கர். பாட்டு சுற்றும்போதே நான் விரலை வைத்தேன். தகரத் தட்டு, அப்படியே நின்றுவிட்டது.

"ஏத்தா, பாட்டு கேக்க வந்தீகளா, பிளேயரக் கொல்ல வந்தீகளா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மதினி, பேசாம இருங்க. எல்லாரும் பாக்குறாக" என்று கொழுந்தன் முழங்கையால் இடித்தான்.

"பாக்கட்டும். அண்ணாச்சி, அடுத்ததக் காட்டுங்க."

அடுத்தது வெளிநாட்டுச் சாமான். யாரோ கப்பலில் கொண்டுவந்து விற்றது. கண்ணாடி மூடி, வெள்ளி மாதிரி கை. பாட்டு போட்டால் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவர் இருந்திருந்தால் அதை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். மூடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்திருப்பார். நானும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். பிறகு விரலை வைத்தேன். உள்ளே பெல்ட்டு வழுக்கியது. விரலை எடுத்ததும் பாட்டு தூங்கி எழுந்தவன் மாதிரி இழுத்துக்கொண்டு வந்து, பிறகுதான் சரியானது. அந்த இழுவையோடு கெட்டிமேளம் வந்தால் எருமை கத்துகிற மாதிரி இருக்கும். வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

கீழ் அடுக்கில் ஒன்று கிடந்தது. மலை எஸ்டேட்டில் ஏதோ கிளப்பிலிருந்து கழித்துப் போட்டதாம். பெட்டியில் கறை. முள் கையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஆனால் தட்டு வார்ப்பிரும்பு. "அது எதுக்குத்தா? மாவாட்டவா?" என்றார் அண்ணாச்சி. போடச் சொன்னேன். சுற்ற ஆரம்பிக்க நேரம் எடுத்தது. சுற்ற ஆரம்பித்த பிறகு அதை எவராலும் நிறுத்த முடியாது போலிருந்தது. கடையில் கிடந்த துணியை மடித்து ரிக்கார்டுக்குக் கீழே போட்டு ஒரு விரல் வைத்தேன், இரண்டு வைத்தேன். ரிக்கார்டு நின்றது. அடியில் தட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விரலை எடுத்ததும் பாட்டு இழுவையே இல்லாமல் கிளம்பியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி செய்து பார்த்தேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இதுதான் என்றேன். அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய்ப் புது ரப்பர் சக்கரம் ஒன்றை எடுத்துவந்து அவராகவே மாட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அதை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை மரத்துவிட்டது. "என்னம்மா, ஆட்டுக்கல்லா?" என்றார் கண்டக்டர். "ஆமா" என்றேன்.

எண்ணெய்க் காகிதம் இரண்டு நாளில் கிழிந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த துணி சொரசொரத்தது. பெட்டியைத் திறந்து என் கல்யாணக் கூறைப்பட்டை எடுத்தேன். இனி அதை நான் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டக் கூடாத சேலை பெட்டியில் கிடந்து பூச்சிக்குத்தானே ஆகும்? சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டமாக வெட்டினேன். கத்திரிக்கோல் ஓடும்போது அழவில்லை. வெட்டி முடித்துத் தட்டின் மேல் விரித்தபோது அந்த அரக்குச் சிவப்பு சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்துதான் அழுதேன். பட்டு மாதிரி வழுக்குவது வேறொன்றும் இல்லை. விரல் பட்டால் போதும், ரிக்கார்டு நின்றது.

பழகும்போது ஒரு நாள் வால்யூமைக் குறைக்க மறந்துவிட்டேன். கொழுந்தன் பழுது பார்ப்பதற்காகக் குழாயைக் கூரை மேல் வைத்து ஒயரைக் கொடுத்திருந்தான். மேளம் தொடங்கும் இடத்தைத் தேடி ரிக்கார்டை முன்னும் பின்னும் தள்ளினேன். தெரு முழுக்க "விசுக் விசுக் கொர்ர்" என்று கேட்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, "ஏ புள்ள, குழாய்க்குள்ள பூனை மாட்டிக்கிருச்சா?" என்றாள். அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொழுந்தன் கெங்குவார்பட்டியில் ஒரு கல்யாணம் பிடித்துவந்தான். ஒரு வேலையாவது பழுதில்லாமல் முடிந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். இதுவும் கெட்டால் விற்றுவிடுவது என்று இருவரும் பேசி வைத்தோம். பொண்ணு வீட்டு வாசலில் பந்தல். பந்தலை ஒட்டி மாட்டுத் தொழுவம். மாட்டை அவிழ்த்துவிட்டு, முன்பக்கம் கீற்று மறைப்பு கட்டியிருந்தார்கள். விடியுமுன்பே நான் உள்ளே போய்விட்டேன். மறைப்பை ஒட்டி ஒரு பெஞ்சில் பிளேயர். தாலி கட்டும்போது பெண்கள் போடுகிற குலவையில் "கெட்டிமேளம்" என்று பெரியவர் கத்துவது தொழுவம் வரை கேட்காது. அதனால் ஒரு சணல் கயிற்றை என் கால் கட்டைவிரலில் கட்டி, மறுமுனையைப் பந்தலில் நிற்கிற கொழுந்தன் கையில் கொடுத்திருந்தேன். அவன் இழுத்தால் நான் விரலை எடுப்பேன். மறைப்பில் ஒரு ஓட்டை இருந்தது. எட்டிப் பார்க்க ஆசை. பார்த்தால் கவனம் போகும், விரல் தப்பும். பார்க்கவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. முள்ளை இறக்கி ரிக்கார்டைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்பக்கமாக ஒரு பெண் தொழுவத்துக்குள் வந்தாள். வெள்ளைச் சேலை. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தனியாக அழ இடம் தேடி வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"ஏத்தா, யாரு நீ? இங்கன என்ன செய்றே?"

அவள் பார்வை என் விரலுக்கு வந்தது. பிறகு நெற்றிக்கு, பிறகு கழுத்துக்கு.

"அடி ஆத்தாடி! நீயா மேளம் போடுறே? என் மக கல்யாணத்துல, வெறுங்கழுத்தோட ஒருத்தியா?"

பொண்ணைப் பெற்றவள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம் வந்தது.

"ஒங்க கழுத்துல என்னக்கா இருக்கு?"

அறைந்த மாதிரி நின்றாள். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

"தாலி ஏறுறப்ப பெத்த தாய எங்கன நிக்கச் சொன்னாக?"

"கண்ணுல படாம ஒதுங்கிக்கன்னு சொன்னாக."

"எனக்கும் அதுதான் எடம். எந்திரிச்சுப் போன்னா போயிர்றேன். வேற ஆளப் பாத்து மேளத்தப் போடச் சொல்லுங்க."

அவள் வெளியே போய் ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கொழுந்தனை உதைத்திருப்பார்கள். நான் காத்திருந்தேன். அவள் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "பத்து மாசம் சுமந்தவ பாக்கக் கூடாதாம்டி. காலைல தல சீவிவிட்டப்பகூட, போதும் நகருன்னுட்டாக" என்றாள். யாரிடமோ புகார் சொல்வது போலச் சொன்னாள்.

"அந்தா ஓட்ட இருக்கு. அதுவழியாப் பாருங்க" என்றேன்.

அவள் எழுந்து, என் தோளில் கை வைத்து, பெஞ்சுக்கு மேலாகக் குனிந்து, ஓட்டையில் கண்ணை வைத்தாள். மூச்சு விடும் சத்தம் நின்றது. பார்த்ததைச் சொன்னாள். "தாலித் தட்டு சுத்தி வருது. எல்லாரும் தொட்டுக் கும்பிடுறாக." பிறகு, "மாப்பிள்ள கையில குடுத்துட்டாக" என்றாள். குலவை கிளம்பியது. என் கால் விரலில் கயிறு தொய்ந்து கிடந்தது. நான் காலை ஆட்டிப் பார்த்தேன். அசைவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இனி இவள் கண்தான் எனக்குக் கண்.

அவளைப் பார்க்கச் சொல்லி, அவள் சொல்லச் சொல்ல, நானே விரலை எடுத்திருக்கலாம். அதுதான் தொழில் தெரிந்தவள் செய்கிற காரியம். நான் என்ன செய்தேன் என்றால், அவள் கையைப் பிடித்து இழுத்து என் விரல் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

"இதப் பிடிங்க. ஒங்க மக கழுத்துல முடிச்சு விழுகுறப்ப கையத் தூக்குங்க. மேளம் வரும்."

"எனக்கு என்ன தெரியும்? கெடுத்துருவேன் ஆத்தா!"

"பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க."

இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம். எங்களை ஒளித்து வைத்தவர்கள் மேல் கோபம். அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது.

பயத்தில் அவள் விரலை வைக்கவில்லை, உள்ளங்கையையே வைத்து அழுத்தினாள். வேறு பிளேயராக இருந்தால் தட்டு அங்கேயே நின்று, மேளம் இழுத்துக்கொண்டு வந்து, மானம் போயிருக்கும். அந்த இரும்புத் தட்டு நிற்கவில்லை. அவள் கையின் கனத்தைப் பொருட்படுத்தாமல், என் கூறைப்பட்டோடு அடியில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஆம்பிளிபயர் திருகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதல் முடிச்சு என்று நினைக்கிறேன், கையை வெடுக்கென்று எடுத்தாள்.

இரண்டு குழாயிலும் கெட்டிமேளம் விழுந்தது. தொழுவத்துக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. அவள் எடுத்த கையைக் கீழே இறக்கவே இல்லை. ஆசீர்வாதம் செய்கிற மாதிரி அது அப்படியே அந்தரத்தில் நின்றது. கண் மட்டும் ஓட்டையை விட்டு நகரவில்லை.

மேளம் ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். கொழுந்தன் ஓடிவந்தான். "மதினி, கயித்து மேல ஒரு பெரிசு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. என் உசுரே போயிருச்சு. நீங்க எப்பிடிப் போட்டீக? தாலியோட தாலியா ஏறுச்சுன்னு பேசிக்கிறாக!" நான், "கொலவைய வச்சே தெரிஞ்சது" என்றேன். அவனிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. வடுகபட்டியிலிருந்து வந்திருந்தவர்கள் அடுத்த முகூர்த்தத்துக்கு அங்கேயே எங்களைக் கூப்பிட்டார்கள்.

பந்தி முடிந்து ஆட்கள் குறைந்தபோது அவள் மறுபடி வந்தாள். இலையில் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். நான் சாப்பிடுகிறவரை பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள், "இன்னொருக்கக் கேக்கலாமா ஆத்தா? நான் பாக்கத்தான் செஞ்சேன். காதுல ஒண்ணும் ஏறல."

கெட்டிமேளத்தைக் காரணமில்லாமல் போடக் கூடாது. ஊரே திரும்பிப் பார்க்கும். ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, பிளேயரை மட்டும் சுற்றவிட்டேன். ஆம்பிளிபயர் இல்லாவிட்டாலும் முள்ளிலிருந்தே சத்தம் கொஞ்சம் வரும், கொசு பாடுகிற அளவுக்கு. முள்ளை இறக்கி, அவள் விரலைப் பிடித்து வைத்தேன். இந்தத் தடவை ஒரே விரல். அவளாகவே எடுத்தாள். இருவரும் தலையைத் தட்டுக்கு அருகில் கொண்டுபோய்க் கேட்டோம். ஒரு கல்யாணத்தின் மொத்த மேளமும் ஒரு முள் நுனியில் கேட்டது. எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் கேட்காத மேளம். அவள் மகளுக்காகக் கேட்டாள் என்று நினைக்கிறேன். நான் என் வீட்டுக்காரருக்காகக் கேட்டேன். என் கழுத்தில் அவர் தாலி கட்டும்போது நான் குனிந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேளம் மட்டும்தான் ஞாபகம்.

அதற்குப் பிறகு பல வருஷம் எத்தனையோ ஊரில் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கெட்டிமேளம் போட்டேன். ஒரு தாலி ஏறுவதையும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்துவிடும் அளவுக்கு அருகில் வந்தது அன்றைக்குத்தான். அன்றைக்கும் ஓட்டை வேறொருத்திக்கு. அவளை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். கெங்குவார்பட்டி இருக்கிற பெரியகுளம் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சேலைகளைப் பார்த்தால் முகம் பார்ப்பேன்.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். "முன்னால வாங்கம்மா" என்று என்னையும் கூப்பிடுகிறார்கள். போய் நிற்கிறேன். ஆனால் கெட்டிமேளம் கேட்டதும் என் கண் மேடைக்குப் போவதில்லை. பந்தலின் கடைசியில், தூணுக்குப் பின்னால், சமையல் கட்டு வாசலில் எவளாவது தனியாக நிற்கிறாளா என்று தேடுகிறது. இருந்தால் நேரே போய்க் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வருகிறேன், வர மாட்டேன் என்று திமிறினாலும் விடுவதில்லை. அன்றைக்குத் தொழுவத்தில் அந்தரத்தில் நின்ற அந்தக் கையைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.